கண்டதை மட்டும் எழுதுவோம்



நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் படிக்கிறோம். இந்த ஆண்டு எங்கள் முதல் கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்ப ஆயத்தம் செய்தோம். பரிசோதனை முடிந்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எழுதுவதற்கே மாதக்கணக்காகிறது. செய்முறையை வேறொருவர் வாசித்து அப்படியே செய்துபார்க்கும்படி எழுத வேண்டும். உழைத்த ஒருவர் பெயரும் விடுபடக்கூடாது. யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

எங்களை அதிகமாய் யோசிக்க வைத்தது ஒரே ஒரு வரிதான். "இந்தச் சேர்மம் புற்றுநோய்க்குப் பலன் தரும்" என்று எழுதுவதா, "ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களின் பெருக்கத்தைக் குறைத்தது" என்று எழுதுவதா? முதலாவது கண்ணைக் கவரும். ஆனால் நாங்கள் கண்டது இரண்டாவதைத்தான். அதையே எழுதினோம்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் சட்டனிலேயே உண்டு. இங்குள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து அபிராடெரோன். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 1,195 பேரிடம், 13 நாடுகளில் அது சோதிக்கப்பட்டது. 2011-ல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களின் நடுமதிப்பு ஆயுட்காலம் 14.8 மாதம், பெறாதவர்களுக்கு 10.9 மாதம். வித்தியாசம் 3.9 மாதம். "குணமாக்கும்" என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. அந்த நான்கு மாதத்தில் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த தாத்தாக்கள் இருந்திருப்பார்கள். உண்மையான சிறிய எண்ணுக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு.

மிகைப்படுத்துவதற்கு விலை உண்டு. 1998-ல் 'தி லான்செட்' இதழில் 12 பிள்ளைகளைப் பற்றி வந்த ஒரு கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தியது. ஆய்வு நேர்மையாய் நடக்கவில்லை என்று தெரியவந்து, 2010-ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பல பெற்றோர் பயந்து தடுப்பூசியைத் தவிர்த்தார்கள். தட்டம்மை மறுபடியும் பிள்ளைகளைத் தாக்கியது.

வைத்தியராகிய லூக்கா, நேரில் கண்டவர்கள் சொன்னதைத் தீர விசாரித்த பிறகே எழுதியதாகத் தம் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் சொல்கிறார். பொய்ச்சாட்சி கூடாதென்ற கற்பனை நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, ஆய்வுக்கூடத்துக்கும் உரியது.

நம் ஐக்கியக் கூடுகைக்கும் உரியது. சாட்சி சொல்லும்போது, காய்ச்சல் குறைந்ததை "அற்புத சுகம்" என்று பெரிதாக்கினால், அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர் நம் நடுவிலேயே இருக்கலாம். காய்ச்சல் குறைந்தது என்று சொன்னாலே போதும். அதற்காகவும் ஆண்டவரை ஸ்தோத்திரிக்கலாம்.

எங்கள் கட்டுரை இப்போது நடுவர்களின் கையில் இருக்கிறது. ஏற்பார்களா, திருப்பி அனுப்புவார்களா தெரியாது. அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் தேவனுக்குமுன் கணக்குக் கொடுக்க முடியும் என்ற சமாதானம் எங்களுக்கு உண்டு. பரீட்சை எழுதும், வேலைக்கு விண்ணப்பிக்கும் உங்களுக்கும் ஆண்டவர் அந்தச் சமாதானத்தைத் தருவாராக.