பிராசோ டப்பாவை மூடி வை

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள குமரனுக்கு,

   புது வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்தாயிற்று என்று உன் அம்மா சொன்னாள். தாத்தாவின் பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஹாலில் மாட்டப் போகிறாய் என்றும் சொன்னாள். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்ததை வெளியே எடுக்க உனக்காவது தோன்றியதே.

ஆனால் நீ அனுப்பின போட்டோவில் பதக்கங்களுக்குப் பக்கத்திலேயே பிராசோ பாலிஷ் டப்பாவும் கிண்ணத்தில் கரைத்த புளியும் இருந்ததைப் பார்த்ததும் பதறிப்போனேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதைப் படித்து முடிக்கிறவரை எதையும் தேய்க்காதே, கண்ணு.

முதலில் அந்த வெள்ளிப் பதக்கத்தை எடு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரைவீரன், 1914, 1918 என்று ஆண்டுகள். அது தாத்தாவுடையது இல்லை. அவருடைய அப்பா மெசபடோமியாவுக்குப் போய்வந்ததற்குக் கிடைத்தது. ஜன்னல் பக்கம் போய், விளிம்பைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்று. நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி இங்கிலீஷ் எழுத்தில் அழுத்தியிருக்கும். பெயரின் எழுத்துக்கூட்டல் கோணல்மாணலாக இருந்தாலும் அவர்தான். அவருக்கு ஒரு போட்டோகூட நம்மிடம் கிடையாது. நம் குடும்பத்தில் அவர் பெயர் பதிந்திருக்கிற ஒரே பொருள் அதுதான். எழுத்து அப்படி ஒன்றும் ஆழமில்லை. பாலிஷில் இருக்கிற நுண்ணிய பொடி தேய்க்கத் தேய்க்க உலோகத்தையே அராவும். துணியில் கறுப்பாக இறங்குகிறதே, அதில் வெள்ளியும் சேர்ந்துதான் வருகிறது. நாலு தடவை நன்றாகத் தேய்த்தால் அவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

"தாத்தாவே பிராசோ போட்டுத்தானே தேய்த்தார்?" என்று கேட்பாய். தேய்த்தார்தான். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்த மனுஷர், பரேடு என்றால் பெல்ட் பக்கிள் முதல் பதக்கம் வரை மின்ன வேண்டும். அவருடைய பர்மா ஸ்டார் பதக்கத்தின் நடுவில் இருக்கிற கிரீடத்தைப் பார், முனையெல்லாம் மழுங்கியிருக்கும். அது அவர் கை பட்ட தேய்மானம், இருக்கட்டும். அதற்கு மேல் நாம் தேய்க்க வேண்டாம்.

கறுத்திருப்பதெல்லாம் அழுக்கு என்று நினைத்துக்கொள்ளாதே. வெள்ளி, காற்றிலிருக்கிற கந்தகம் பட்டுக் கறுக்கிறது. தாத்தாவின் ஸ்டார் பதக்கங்கள் இரண்டும் செம்பும் துத்தநாகமும் கலந்தவை, வயதாக ஆகப் பழுப்பேறும். சிங்கம் நிற்கிற அந்த வட்டப் பதக்கம் வெள்ளி மாதிரி தெரிந்தாலும் செம்பும் நிக்கலும்தான். இப்படிச் சீராகப் படிந்த நிறம் உலோகத்துக்குக் கெடுதல் செய்வதில்லை. செம்புக் கலவையில் புளியோ எலுமிச்சையோ பட்டால் அந்த நிறம் கரைந்து, அடியில் வெறும் உலோகம் வெளிவந்து, கொஞ்ச நாளில் திட்டுத்திட்டாக மறுபடி கறுக்கும். குத்துவிளக்குக்குப் போடுகிற விபூதியும் பவுடரும் இதற்கு ஆகாது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு வெந்நீரில் முக்குவதைக் காட்டுகிறார்களே, அதுவும் வேண்டாம். பள்ளங்களில் தங்கியிருக்கிற கறுப்புதான் உருவத்தை எடுத்துக் காட்டுகிறது. அதையும் உருவிவிட்டால் மன்னர் முகம் வெளிறித் தட்டையாகப் போய்விடும்.

பின்னே என்ன செய்ய என்கிறாயா? பெரும்பாலும் தூசி தட்டினாலே போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பருத்திக் கையுறை போட்டுக்கொள், வியர்வையில் உப்பு இருக்கிறது. மேஜையில் ஒரு துண்டை விரித்து, மெல்லிய பெயின்டிங் பிரஷ்ஷால் தட்டு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் மணமில்லாத சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடு. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை ஒற்றி, ஈரத்தைத் துணியில் வாங்கி, ஃபேன் காற்றில் நன்றாக உலரவிடு.

ரிப்பனில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பர்மா ஸ்டார் ரிப்பனில் நடுவே அகலச் சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அதற்குள் ஆரஞ்சுக் கோடு. நனைந்தால் சாயம் ஒன்றில் ஒன்று இறங்கிவிடும். வளையத்திலிருந்து சுலபமாகக் கழன்றால் கழற்று. தைத்திருந்தால் பிரிக்காதே, பாட்டி போட்ட தையலாகக்கூட இருக்கும். அதற்கு உலர்ந்த பிரஷ் மட்டும்தான்.

எனக்கு உண்மையான கவலை வளையத்தடியில் தெரிகிற பச்சைதான். போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மெழுகு மாதிரி ஒட்டியிருக்கிற களிம்பு என்றால் பல் குத்துகிற மூங்கில் குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்தபின் மறுபடி பூத்தால் அதில் கை வைக்காதே. உப்பு உள்ளே இறங்கி உலோகத்தை அரிக்கிறது என்று அர்த்தம். உன் வீடோ திருவான்மியூரில், கடற்காற்றுக்கு நடுவே. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய செப்புத்திருமேனிகளுக்கே வைத்தியம் பார்க்கிற ரசாயனக்கூடம் இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டாவது அங்கே போய் யோசனை கேள்.

சட்டம் போடுகிறவரிடமும் பக்கத்திலேயே நின்று சொல். பசையும் டபுள் டேப்பும் கூடாது, துணியில் தைத்துத்தான் நிறுத்த வேண்டும். பின்னால் கம்பளித் துணியும் செய்தித்தாளும் வேண்டாம். அதுவரை பிவிசி கவரில் போட்டு வைக்காதே, அதுவே செம்பைப் பச்சையாக்கிவிடும். ரப்பர் பேண்டும் ஆகாது. வெயில் விழுகிற சுவரில் மாட்டினால் ரிப்பன் வெளுத்துப்போகும். சட்டத்துக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்க இடம் விடச் சொல்.

வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு.

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறோம். தையல் வேலையை எனக்கு வை, ஊசி நூல் நான் கொண்டுவருகிறேன். அதற்குள் விளிம்பில் இருக்கிற பெயரையும் நம்பரையும் அப்படியே ஒரு தாளில் எழுதி, தெளிவாகப் போட்டோவும் எடுத்து எனக்கு அனுப்பு. குழந்தைக்கு முத்தம்.

அன்புடன்,
அத்தை