கட்டி வைத்த ஒட்டகம்

ஃபிக்ஹு நூல்களில் ஹஜ்ஜுப் பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களுக்கு இரண்டு சொற்களை விளக்குவது நம் வழக்கம். ஒன்று ‘ஸாத்’, வழிக்கு வேண்டிய உணவும் பொருளும். மற்றொன்று ‘ராஹிலா’, பயணத்திற்கு ஏற்ற ஊர்தி. முப்பது ஆண்டுகளாக இச்சொற்களுக்குப் பொருள் சொல்லிவந்த நமக்கு அவற்றின் முழுப் பொருளையும் உணர்த்தியவர், மதரஸாவில் ஓதித் தேறியிராத நம் மருமகன். கற்ற இடமோ, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் அவர் வீட்டுக் கார்க் கொட்டகை.

மகளையும் பேரனையும் காண அங்கே சென்றிருந்தோம். கொட்டகையில் 1999ஆம் ஆண்டு சுபாரு ஃபாரஸ்டர் வண்டியொன்று சக்கரங்கள் கழற்றப்பட்டு முட்டுகளின் மேல் நின்றது. குடும்பத்தோடு பாலைவழியில் செல்ல அதைச் சீர்செய்வதாக மருமகன் கூறினார்.

“இந்தக் கிழட்டு வண்டியிலா மாப்பிள்ளை?” என்றோம்.

“பெரிய ஜீப் வாங்க வசதியில்லை மாமா. இதன் வலிமையும் தெரியும், பலவீனமும் தெரியும். அதுவே போதும்” என்றார்.

மாலைதோறும் அருகில் அமர்ந்து பார்த்தோம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய வண்டியை அந்நிறுவனம் 1972இலேயே ‘லியோன்’ என்னும் பெயரில் வெளியிட்டதாம். இவ்வண்டியின் எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருப்பதால் பாரம் தாழ்ந்து நிற்கிறது. அடிப்பாகம் கல்லில் இடிக்காதிருக்க, சுருள்வில்களை மாற்றி வண்டியைச் சுமார் நான்கு சென்டிமீட்டர் உயர்த்தினார். “இன்னும் உயர்த்தினால் என்ன?” என்று கேட்டோம். சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்து தேய்ந்துவிடும் என்றார். எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு பொருத்தினார். வயதான டைமிங் பெல்ட்டையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றினார். தடித்த டயர்களைப் பூட்டினார். ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டே ஏற்றினார். கூரையின்மேல் பாரம் கூடினால் வளைவில் வண்டி கவிழ வாய்ப்புண்டு என்பது அவர் கணக்கு.

பூசல் விளைந்தது இந்தக் கணக்கினால்தான். மாற்றுச் சக்கரம் ஒன்று இருக்க, இரண்டாவதையும் ஏற்றினார். நாமோ ஊரிலிருந்து கொண்டுவந்த கிதாபுப் பெட்டிக்கு அவ்விடத்தைக் கேட்டோம். அவர் பணிவாக மறுத்தார். நமக்குச் சினம் மூண்டது. “இது இஸ்ராஃப், பணத்திற்கும் கேடு, தவக்குலுக்கும் குறைவு” என்று பேரன் எதிரிலேயே கடிந்து கூறினோம். மகள் தலைகுனிந்தாள். மருமகன் மறுமொழி கூறாது சக்கரத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

ஜூலை மாதக் குளிரில் புறப்பட்டோம். வடக்கே மர்ரீ என்னும் சிற்றூரிலிருந்து ஊட்னடாட்டா பாதை தொடங்குகிறது. மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர், மண்ணும் கல்லும் கலந்த வழி. 1980இல் கைவிடப்பட்ட பழைய ரயில் பாதையை ஒட்டியே அது செல்கிறது. அதற்கும் முன்னர் அந்நிலத்தில் பாரம் சுமந்தவை ஒட்டகங்கள். ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் வந்த முஸ்லிம் ஒட்டகக்காரர்கள் மர்ரீயில் குடியிருந்து, பேரீச்சை நட்டு, தொழவும் இடம் அமைத்தனர். அடிலெய்டில் 1888–89இல் எழுந்த பள்ளிவாசலும் அவர்களை நினைவூட்டுவதே. அவர்கள் நடந்த மண்ணில் நிற்கையில் நம் உள்ளம் நெகிழ்ந்தது.

மர்ரீயில் மருமகன் டயர்களின் காற்றை 36 பவுண்டிலிருந்து 26 பவுண்டாகக் குறைத்தார். காற்றுக் குறைந்த டயர் கல்லின்மேல் வளைந்து கொடுக்கும்; விறைத்த டயர் எளிதில் கிழியும். வேகத்தையும் குறைத்தே ஓட்டினார். ஆயினும் வில்லியம் கிரீக் செல்லும் வழியில் கூரிய கல்லொன்று பின்டயரைக் கிழித்தது. மாற்றிக்கொண்டு சென்றோம். அஸருக்குப் பின் இன்னொரு டயரும் கிழிந்தது.

எத்திசையிலும் மனித அரவம் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, குளிர் ஏறியது. பேரன் நம் கையைப் பற்றி, “ராத்திரி இங்கேயேவா அப்பா?” என்றான். மருமகன் ஒரு சொல்லும் சொல்லாமல் அந்த இரண்டாவது சக்கரத்தை அவிழ்த்தார். அவர் நம்மை ஒரு பார்வை பார்த்திருந்தாலும் தாங்கியிருப்போம், அவர் பார்க்கவேயில்லை.

ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை எத்தனை வகுப்புகளில் விளக்கியிருக்கிறோம்! ஆனால் கண்ணெதிரே ஒருவர் கயிற்றை எடுத்துக் கட்டியபோது, அதுதான் இது என்று நமக்குத் தெரியவில்லை. தவக்குலுக்குக் குறைவென்று எதைப் பழித்தோமோ, அதுவே தவக்குலின் முதற்படியாக இருந்தது.

மக்ரிபு வேளையில் வில்லியம் கிரீக்கை அடைந்தோம். தொழுகை முடிந்ததும் பேரனை அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டோம். அவன் கேட்கச் சொன்ன பழியை அவன் கேட்கவே திரும்பப் பெறுவதுதானே முறை? “மாப்பிள்ளை, நாம் சொன்னது பிழை. மாப்புச் செய்யுங்கள்” என்றோம். அவர் பதறி எழுந்து நம் கைகளைப் பற்றிக்கொண்டார். “நீங்க அப்படிச் சொல்லக்கூடாது மாமா” என்றவர், சற்று நேரங்கழித்து, “அடுத்த முறை கிதாபுக்கும் இடம் பண்ணுவோம், ஒன்றே ஒன்றுக்கு” என்று சிரித்தார்.

இப்போது ‘ராஹிலா’ என்ற சொல் வரும்போதெல்லாம் பாடத்தைச் சற்று நிறுத்துகிறோம். ஊர்தி இருந்தால் மட்டும் போதாது, அதைப் பேணி ஆயத்தம் செய்யும் கையும் வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். அந்தக் கையை ஏளனம் செய்தவர் ஒருவரின் கதையையும் பெயர் கூறாமல் சொல்வதுண்டு.