ஏரியும் அதன் குடிகளும்

இருங்காடு என்பதற்குப் பெருங்காடு என்றும் கரிய காடு என்றும் பொருள் கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூருக்கு அணித்தே, பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் அச்சொல்லை இன்னும் தாங்கி நிற்கின்றது. காடோ இன்று பெயரளவினது. 1998-ஆம் ஆண்டு முதல் அங்கே மோட்டார் வண்டிகள் உருவாகி வெளிவருகின்றன. ஆலைகள் பல சூழ எழுந்துள்ளன. எம் தந்தையார் அப்பக்கத்து ஏரிப்பாசன வயலில் உழுதவர். எம் தமையனார் அவ்வாலைகளுள் ஒன்றில் ஊதியம் பெறுபவர். யாம் தமிழ் பயில்வதும் அவ்வூதியத்தாலேயாம். ஆதலின் ஆலைகளை வைது எழுதுதல் எம் கருத்தன்று. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறையை ஓர் ஏரியின்கண் வைத்துக் காண்பதும், அம்முறையில் மக்களுக்குரிய இடம் யாதென ஆராய்வதுமே யாம் கருதியன.

ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் என்பார் 1866-இல் இவ்வறிவுத் துறைக்குப் பெயரிட்டபோது, வீடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். உயிர்களோடு மண், நீர், காற்று, வெயில் என்பவற்றையும் கூட்டி ஒரே தொகுதியாகக் கருதல் வேண்டுமென 1935-இல் ஆங்கிலத் தாவரநூல் வல்லுநர் டான்ஸ்லி எடுத்துரைத்தார். ஏரி அத்தகையதொரு வீடு. அதில் சமைப்பன பாசியும் நீர்ப்பூண்டும், அடுப்பு வெயில். பாசியை நீர்ப்பூச்சியும், பூச்சியைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும், பெருமீனை நீர்க்காகமும் உண்கின்றன. ஒவ்வொரு படியிலும் உண்டதன் ஆற்றலிற் பெரும்பகுதி வெப்பமாய்க் கழிய, ஏறத்தாழப் பத்திலொரு பங்கே மேற்படிக்கு எட்டுகின்றது. பறவை ஒன்று வாழ மீன் பல வேண்டுவது இதனாலன்றோ? இறந்தவற்றையும் கழிந்தவற்றையும் நுண்ணுயிர்கள் மட்கச் செய்து மீண்டும் பாசிக்கு உணவாக்குகின்றன. இவ்வீட்டில் குப்பை என்பதொன்றில்லை.

உயிர்களின் உறவு ஒரு தன்மைத்தன்று. மேயும் எருமையின் பின்னே உண்ணிக்கொக்கு நடந்து, அதன் காலடியில் எழும் பூச்சிகளைக் கொத்துகின்றது. கொக்குக்கு நன்மை, எருமைக்குக் கேடில்லை. உளுந்தின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தந்து, செடியிடம் சர்க்கரை பெறுகின்றது, இருவர்க்கும் நன்மை. மாட்டின் மடியிற் பற்றிய உண்ணியோ உறிஞ்சுவதொன்றே அறியும்.

இருவர்க்கும் நன்மையாகும் உறவை நம் நாட்டு உழவர் நன்கறிந்திருந்தனர். அதற்குச் சான்று, இருங்காட்டுக்கோட்டையோடு முன்னாளில் ஒரே செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்த வேடந்தாங்கல். சென்ற தை மாதத்தில் யாம் தோழர் சிலருடன் ஆண்டுச் சென்றிருந்தோம். நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின்மேல் நாரையும் கூழைக்கடாவும் நெருங்கிக் கூடு கட்டியிருந்தன; இலைகள் எச்சத்தால் வெளுத்திருந்தன. அவ்வெச்சம் ஏரி நீரிற் கலந்து, மதகின் வழியே பாய்ந்து நெல்லுக்கு எருவாகின்றது. பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுக் காவலுரிமைச் சாசனம் பெற்றனர். இது நிகழ்ந்தது லயனெல் பிளேஸ் கலெக்டராயிருந்த 1790-களில். அச்சாசனம் 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய நீர்நிலைகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அப்பறவைகள் கூடு கட்டுவது ஓர் ஏரியில். இரை தேடுவது சுற்றுவட்டத்து ஏரிகள் பலவற்றிலும் வயல்களிலும். படுக்கையறையைக் காத்து அடுக்களையை இடித்தால் வீடு நிலைக்குமோ?

உழவனும் ஏரியின் குடிகளுள் ஒருவனே. கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு இட்டான்; வயல் உரம் பெற்றது, ஏரி ஆழம் பெற்றது. கரையை அடைத்தான், கால்வாயைத் தூர்வாரினான். ஏரி அவனுக்கு நெல் தந்தது. இவ்வுறவு அறுந்தவிடத்து ஏரி ஆளற்ற வீடாகின்றது. அயல்நாட்டினின்று வந்த சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும், தாய்நாட்டிலுள்ள பகைப்பூச்சிகள் இங்கின்மையின், தடையின்றிப் பரவுகின்றன. "அந்நாளில் ஏரி வற்றினால் ஊரார் அத்தனை பேருக்கும் வயிறு சொல்லும், இந்நாளில் வற்றினாலும் ஒருவருக்கும் தெரிவதில்லை" என்பர் எம் தந்தையார். ஏரி கெடுதற்கு அவர் கூறிய இதனினும் தெளிவான காரணத்தை யாம் நூல்களிற் கண்டிலேம்.

தெரியாமையால் சார்பு அறுந்துவிடுமோ? 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்து செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாற்றில் வெள்ளம் பெருகிய நாட்களில், சென்னையைச் சூழ்ந்த மோட்டார் ஆலைகள் பல வேலையை நிறுத்தின. கோடையில் லாரியில் வரும் நீரும் எங்கோ மழை ஊறிய நிலத்தின் நீரே. வெள்ளத்தைத் தாங்கவும் நிலத்தடி நீரை ஊறச் செய்யவும் ஏரி வேண்டும். ஆகவே ஆலையும் அதில் உழைப்போரும், அவ்வுழைப்பால் கற்கும் எம்போல்வாரும் ஏரியின் குடிகளே.

குடியென்றால் கடமையுண்டு. வேடந்தாங்கலார் முறையிட்டது பறவைமேற் கொண்ட இரக்கத்தால் மட்டுமன்று. தம் சோறு எங்கிருந்து வருகின்றதென்பதை அறிந்தமையாலுமாம். அவ்வறிவு இருங்காட்டுக்கோட்டைக்கும் வேண்டும். ஆலையின் வாயிலில் நுழையும் ஒவ்வொருவரும் தாம் எந்த ஏரியின் குடி என்பதைக் கேட்டறிதல் நன்று. கரையை உயர்த்தல், வரத்துக்கால்வாயைத் திறத்தல், கழிவுநீரை விடாதிருத்தல் என்பன அதன்பின் செய்யத்தக்கன. கொக்கைப்போல் கேடின்றி வாழ்தல் ஆகும். வேர்முடிச்சைப்போல் கொடுத்து வாழ்தல் அதனினும் மேல். உண்ணியாய் மட்டும் இருத்தல் ஆகாது.