எந்த டப்பா மாமா?

சிங்கப்பூரில் நல்ல காரியத்துக்கு வசூல் செய்வது, நம்ம ஊரில் கும்பாபிஷேகத்துக்கு நாலு பேர் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற மாதிரி இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்கவோ, தெருவில் நின்று உண்டியல் குலுக்கவோ உரிமம் வேண்டும். இதற்கென்று 1947-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. வசூலாகிற பணம் வெளிநாட்டுத் தர்மத்துக்கு என்றால் அதற்குத் தனி அனுமதி. அதிலும் ஒரு கிடுக்கிப்பிடி. பொதுமக்களிடம் திரட்டியதில் செலவு போக 80 சதவிகிதம் சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும். 20 சதவிகிதம்தான் கடல் தாண்டலாம். பூகம்பம், புயல் நிவாரணம் என்றால் தளர்த்துவார்கள்.

இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் வக்கீல் இல்லை. அக்கா பையன். வயசு பதினெட்டு. யீஷூனில் வீடு. படிப்பது பலதுறைத் தொழிற்கல்லூரியில். பயந்துவிடாதீர்கள், பாலிடெக்னிக்கைத்தான் அங்கே தமிழில் அப்படிச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் லீவில் பதினெட்டு பேர் பன்னிரண்டு நாள் கம்போடியா போகிறார்கள். சியெம் ரீப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடிதண்ணீர் வடிகட்டி அமைக்கிற தொண்டு. இப்படி மாணவர்களை அனுப்புவது அங்கே புதுசில்லை. அரசாங்கமே 2000-லிருந்து இதற்கு ஒரு திட்டம் வைத்து மானியம் கொடுத்து வந்திருக்கிறது. மானியம் போக மிச்சத்துக்கு இவர்கள்தான் வழி பார்க்க வேண்டும். 2023-ல் நான் அங்கோர் வாட் பார்த்துவிட்டு வந்தவன் என்பதால், ஆகஸ்டில் அக்கா வீட்டுக்குப் போனபோது கௌரவ ஆலோசகர் பதவி எனக்குத் தானாகக் கிடைத்தது. சம்பளம், தினம் இரண்டு கோப்பி.

முதல் வேலையாக பட்ஜெட்டை வாங்கிப் பார்த்தேன். தலைக்கு 1,400 வெள்ளி. அதில் டிக்கெட், தங்கல், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் 1,150. பாக்கி 250-தான் வடிகட்டிக்கு. அதாவது நூறு வெள்ளியில் 82 இவர்கள் போக, வர, தின்ன. கிராமத்துக்குப் போய்ச் சேர்வது 18. சர்க்காரின் 80-20 கணக்கு, யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது!

"ஏண்டா, மொத்த 25,200 வெள்ளியையும் அங்கே அனுப்பிட்டு நீங்க வீட்லயே இருந்தா என்ன? ஒரு டிக்கெட் காசுல அந்த ஊர் கொத்தனார் ரெண்டு வாரமாவது வேலை செய்வாரே?"

பையன் கோபப்படவில்லை. "அப்படின்னா யாரும் கார் கழுவ வர மாட்டாங்க மாமா. பதினெட்டு பேர்ல ரெண்டு பேர் தேறினா பெரிசு. நாங்க போறது எங்களுக்காகவும்தான் லா."

இவ்வளவு நேர்மையான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நம்மில் எத்தனை பேர் தீர்த்த யாத்திரை போகும்போது இப்படி ஒப்புக்கொள்வோம்?

சண்டை வந்தது போஸ்டரில். ஒரு பையன் இண்டர்நெட்டிலிருந்து படம் எடுத்து அமர்க்களமாகச் செய்து வைத்திருந்தான். சட்டையில்லாத ஒரு குழந்தை, கையில் காலிக் குவளை, பெரிய கண். கூட்டத்தில் ஒரு பெண், மெலிசான குரல்காரி, எழுந்து கேட்டாள்: "காசு நம்ம டிக்கெட்டுக்கு. படத்துல எதுக்கு அந்தக் குழந்தை?" அரை மணி நேரம் வாதம். குழந்தை இருந்தால்தான் காசு விழும் என்று ஒரு கட்சி. அதனால்தான் கூடாது என்று இவள்.

அவள் பக்கம் நான் சேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. சியெம் ரீப் போகிறவர்கள் தோன்லே சாப் ஏரியைப் பார்க்காமல் வருவதில்லை. மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வடிகிற ஆற்றையே திருப்பி உள்ளே தள்ளும். ஏரி நாலைந்து மடங்கு ஊதிவிடும். அதில் மிதக்கிற கிராமங்கள், மிதக்கிற பள்ளிக்கூடம், மிதக்கிற மளிகைக்கடை. அந்த மளிகைக்கடையில் எங்கள் படகு தானாக நின்றது. "பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுங்களேன்" என்றார்கள். டவுன் மார்க்கெட் விலையைப் போல ரெண்டு மடங்கு இருக்கும். எங்கள் படகில் இருந்த ஒரு தம்பதி வாங்கினார்கள். படம் எடுத்தார்கள். படகு திரும்பிய பிறகு அந்த மூட்டை பள்ளிக்கூடத்துக்குப் போனதா, மறுபடி கடைக்கே போனதா என்பது ஏரிக்குத்தான் வெளிச்சம்.

மூட்டையாவது பரவாயில்லை. கம்போடிய அரசு யூனிசெஃப் உதவியோடு 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2005-க்கும் 2010-க்கும் நடுவில் அங்கே அநாதை இல்லங்கள் 75 சதவிகிதம் கூடியிருந்தன. யுத்தம் ஏதும் இல்லாத காலம். உள்ளே இருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறவர்களும் அவர்கள் கொடுக்கிற காசும் இருக்கிற வரை, காட்டுவதற்குக் குழந்தைகளும் வேண்டியிருக்கிறது. பையன்களின் திட்டத்திலும் ஏழாம் நாள் 'அநாதை இல்லத்தில் ஆடல் பாடல்' என்று இருந்தது. கூட வரும் ஆசிரியர் பேனாவை எடுத்து ஒரே கோடாக அடித்துவிட்டார். நல்ல மனுஷர்.

கடைசியில் போஸ்டரில் ஒரு காரும் ஒரு வாளியும்தான் இருந்தன. கீழே பெரிய எழுத்தில்: 'எங்கள் விமான டிக்கெட்டுக்காக.' சமூக மன்றத்தில் அனுமதி வாங்கி, கார் ஒன்றுக்குப் பத்து வெள்ளி. வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத எங்கள் கதாநாயகன் முழங்கால் வரை சோப்புடன் சக்கரம் தேய்ப்பதை அக்கா மூன்றாம் மாடியிலிருந்து பார்த்து, போட்டோ எடுத்து, ஊருக்கே அனுப்பிவிட்டாள். இரண்டு ஞாயிறில் 61 கார்.

அக்காவின் பங்கு முறுக்கு. பாக்கெட் ஐந்து வெள்ளி. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டி மட்டும் பத்து பாக்கெட்.

டிக்கெட்டுக்கு உழைத்த காசு. வடிகட்டிக்கு பெற்றோர், சொந்தக்காரர்கள், கல்லூரியின் பழைய மாணவர்கள் கொடுத்தது. இரண்டுக்கும் தனித்தனி மைலோ டப்பா, தனித்தனி நோட்டு. நான் ஐம்பது வெள்ளி நீட்டியபோது, "எந்த டப்பா மாமா?" என்றான். நான் யோசித்தேன். அவன் காத்திருந்தான். வாங்குகிறவன் இப்படிக் கேட்டுவிட்டால் கொடுக்கிறவனுக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா? வடிகட்டி டப்பா என்றேன்.

அந்த வடிகட்டி பெரிய மந்திரமில்லை. ஆளுயரம்கூட இல்லாத கான்கிரீட் பெட்டி. உள்ளே ஜல்லி, மேலே மணல். மணலுக்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அதில் நல்ல கிருமிகளாக ஒரு படலம் உண்டாகி, கெட்ட கிருமிகளைத் தின்னும். கரண்ட் வேண்டாம். ஆனால் அந்தப் படலம் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இவர்கள் தங்குவது பன்னிரண்டு நாள்! அதனால் வடிகட்டிப் பணத்தில் பாதியை, பிறகு வந்து பார்த்துக்கொள்ள அந்த ஊர் ஆளின் கூலிக்கு ஒதுக்கினார்கள். ஆசிரியரின் யோசனைதான். கௌரவ ஆலோசகருக்கு அது தோன்றவில்லை.

பழைய பேப்பர்தான் சொதப்பல். நாலு புளோக்கில், மாடி மாடியாக, தள்ளுவண்டியோடு இரண்டு சனிக்கிழமை. எல்லாரும் போனில் படிக்கிறார்கள், பேப்பருக்கு எங்கே போவது? சேர்ந்தது 1,100 கிலோ. லாரிக்காரர் கொடுத்தது 88 வெள்ளி. ஆளுக்கு ஐந்து வெள்ளிகூட இல்லை. பர்கர் கடையில் ஒரு மணி நேரம் நின்றால் அதைவிட அதிகம். ஆனால் அதை விடவும் மாட்டேன் என்கிறார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு சீனப் பாட்டி, தனியாக இருப்பவள், முதல் வாரம் அவர்களிடம் பேப்பரோடு ஒரு பியூஸ் போன பல்பையும் கொடுத்தாளாம். மாட்டிக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பேப்பரை அழகாகக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். அன்றைக்கு பல்பு எதுவும் பியூஸ் போகவில்லை. இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார்கள்.

போய்விட்டு அக்டோபரில் திரும்பினார்கள். புளோக் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், அனுமதி வாங்கி வரவு செலவுக் கணக்கை ஒட்டினார்கள். மணல், சிமென்ட், கூலி ரசீது எல்லாம் இருந்தது; குழந்தைகள் படம் ஒன்றுகூட இல்லை. ஒன்பதாம் மாடிப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, அதைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டாள். கோஷ்டியில் ஹொக்கியன் தெரிந்தவன் ஒரே ஒருத்தன், அவனுக்கும் அரைகுறை. சிமென்ட் வரைக்கும் வருவதற்கே ஒரு மணி நேரம் ஆச்சாம்.