தீட்டு எங்கே இருக்கிறது?

வகுப்பில் எருவைப் பற்றிப் பாடம். “சாக்கடைக் கசடும் பயிருக்கு உணவாகும்” என்றேன். “சீ! அந்தச் சோற்றை யார் உண்பார், ஐயா?” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தந்தை சாக்கடை அள்ளும் தொழிலாளி. குனிந்த அந்தத் தலை என் நெஞ்சைச் சுட்டது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைப் பற்றிச் சொன்னேன். கழிவுநீரில் காற்றைச் செலுத்துகின்றனர். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகுகின்றன. அடியில் படியும் அக்கசடைக் கடும் வெப்பத்தில் உலர்த்தினால் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட எரு! 1926 முதல் ‘மிலோர்கனைட்’ எனும் பெயரில் மூட்டை மூட்டையாய் விற்கின்றனர்.

கண்மூடி இடவும் கூடாது. ஆலைக் கழிவு கலந்தால் ஈயமும் காட்மியமும் மண்ணில் ஏறும். அழியாத வேதிப்பொருள்களுக்கு அஞ்சி, அந்நாட்டின் மெயின் மாநிலம் 2022-இல் வயலில் கசடிடுவதையே தடுத்தது. இடலாமா, கூடாதா என்று கூறவேண்டியது சோதனைக்கூடம், சாத்திரம் அன்று!

குனிந்த தலை நிமிர்ந்தது. “அங்கே குழிக்குள் இறங்குவது யார், ஐயா?”

“இறங்கும் தேவை வந்தால், முதலில் உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்கின்றனர். இறங்குபவனின் சாதியைச் சோதிப்பதில்லை” என்றேன்.

இங்கே? பாதுகாப்பின்றி மனிதனைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் நச்சுக்காற்றில் மூச்சடங்கும் சாவு நிற்கவில்லை.

தீட்டு சாக்கடையில் இல்லை. அன்று வகுப்பில் எழுந்த சிரிப்பிலே இருந்தது. தோழர்களே! கசடை எருவாக்க அறிவியல் இருக்கிறது. மனிதனையே கசடாக்கிய சாதியை ஒழிக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?