உம்மம்மாவுக்கு ஒரு கடல்

ஆதம் மலை அடியிலிருந்து புறப்படும் மஸ்கெலியா ஓயா, களனி கங்கையோடு கலந்து கொழும்பில் கடலைச் சேர்கிறது. நல்லதண்ணியில் பிறந்து அறுபது வருடங்களுக்கு மேலாக அந்த மலைத் தண்ணீரைக் குடித்துவரும் என் உம்மம்மா, இதுவரை கடலைக் கண்டதில்லை.

டுபாயிலிருக்கும் மாமா ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்களை அழைத்திருக்கிறார். 'வைல்ட் வாடி' நீர்ப் பூங்காவின் சறுக்குகளைப் படத்தில் பார்த்த நாள் முதல் தம்பிக்குத் தூக்கமில்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மாதம் அங்கே வெயில் 40 பாகையைத் தாண்டும். முழங்கால் வலியோடு உம்மம்மா எந்தச் சறுக்கில் ஏறுவார்? வெசாக்கோடு யாத்திரைக் காலம் முடிந்தால் வாப்பாவின் கடையும் வெறிச்சோடிவிடும். ஐந்து விமானச் சீட்டுகளுக்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

நான் வேறொரு திட்டம் எழுதினேன். தென்மேல் பருவக்காற்றில் காலிக் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் ஆழம் குறைவுதான். ஹட்டன், கண்டி, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று பஸ்ஸிலேயே போய்விடலாம். சுபஹுத் தொழுதுவிட்டுப் போனால் கரையில் கூட்டமிருக்காது. உம்மாவும் உம்மம்மாவும் கூச்சமின்றி இறங்கலாம்.

வாப்பா கணக்கைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். சறுக்குகள் அடுத்த வருடமும் இருக்கும். உம்மம்மாவின் முழங்கால்கள் காத்திருக்குமா?