நடுச் சங்கிலியின் பாரம்

ஆயிரம் கிலோ சீராகப் பரவிய மேடை ட்ரஸ். அதைத் தூக்கிப் பிடிக்க இரு ஓரமும் நடுவுமாக மூன்று செயின் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் 333 கிலோ என்கிறது மனக்கணக்கு. பாரம் கணக்கிடும் மென்பொருளோ நடுவில் 625, ஓரங்களில் தலா 187.5 என்று காட்டுகிறது. சாஃப்ட்வேர் தப்பு என்று பலர் முடிவுகட்டுவது இங்கேதான்.

தப்பே இல்லை. இத்தகைய தொடர் உத்தரத்தில் நடுத் தாங்கிதான் எட்டில் ஐந்து பங்கைச் சுமக்கும். அங்கே 500 கிலோ மட்டுமே தூக்கும் மோட்டாரை மாட்டுவது உயிரோடு விளையாடுவது. 2012 ஜூனில் டொராண்டோவில் ரேடியோஹெட் கச்சேரிக்குச் சில மணி நேரம் முன்பு மேடைக் கூரை சரிந்து டிரம் டெக்னீஷியன் ஒருவர் இறந்தார். பாரக் கணக்கை அலட்சியமாகப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

உண்மையான பிழை உள்ளீட்டில் இருக்கும். மூன்று தாங்கிகளும் ஒரே மட்டத்தில் அசையாமல் நிற்பதாக மென்பொருள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும். களத்தில் நடுச் சங்கிலி முழுக்கத் தளர்ந்தால் ஓரங்களுக்குத் தலா 500! கேபிளின் எடையும் அடிக்கடி விடுபடுகிறது. சங்கிலியின் பாரத்தை அளக்கும் லோட் செல் காட்டும் எண்ணைத் திரையின் எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டும் பிடிபடும்.